கடலைக்காரர் கூவிய பந்து

அத்தியாயம் 6

மணிக்குத் தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் ஒரு பந்து முகத்தைப் பார்த்து வந்தால் மனிதன் என்ன செய்வான்? குனிவான், விழுவான், குறைந்தபட்சம் கண்ணையாவது மூடுவான். வெஸ்லி தார்ப் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

"மறுபடி போடு," என்றாள் வெர்னா ஹாலக்.

ஓரின் பிக்ஸ் பதினேழாவது தடவையாகப் போட்டான். லேப்டாப் திரையில் பிட்சர் காலைத் தூக்கினான், வீசினான். ஹெரன்ஸ் அணியின் நட்சத்திர மட்டையாளன் தன் இடது கண்ணைப் பந்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"இதைப் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டதெல்லாம் மேல வருது பாஸ்."

"நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே."

"அதனாலதான் இன்னும் வரல."

வெர்னா சிரிக்கவில்லை. இந்த நான்கு வருடத்தில் அவள் சிரித்து ஓரின் பார்த்தது இரண்டே முறை. இரண்டு முறையும் யாருக்கோ வேலை போனது. பதினைந்து வருடம் சின்ன ஊர் மைதானங்களில் அம்பயராக நின்றுவிட்டு, இப்போது லீக்கின் விசாரணை அதிகாரியாக இருப்பவள். ஓரின் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் மட்டையாளனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் பயிற்சி கேட்சராக இருந்து, இரண்டு முட்டியையும் எட்டு விரல்களையும் பேஸ்பாலுக்கு எழுதிக் கொடுத்தவன்.

கால்வெஸ்டன் கடற்கரை ஓட்டலில் மூன்றாம் மாடி அறை அது. நண்பகல்தான், ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வளைகுடாவின் மேல் மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள். இதே ஓட்டலின் கீழ்த்தளக் கூடத்தில் மாலை நான்கு மணிக்கு லீக்கின் ஒழுங்குக் குழு கூடுகிறது. சவானா அணியின் பிட்சர் எலியாசர் ரெய்னோசோ, வயது இருபத்திரண்டு, வேண்டுமென்றே தலைக்குக் குறிவைத்து எறிந்தான், ஒரு மனிதனின் கண் போயிற்று, ஆகவே ஆயுள் தடை. தீர்ப்பை இந்நேரம் தட்டச்சு செய்தே வைத்திருப்பார்கள். சம்பவத்துக்கு முதல் நாள் ரெய்னோசோவும் தார்ப்பும் மைதானத்தில் முறைத்துக்கொண்ட காட்சி பத்து நாளாக எல்லாச் சேனலிலும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரினுக்கு இது வெறும் வழக்கு இல்லை. பதினேழு வயதில் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து இறங்கிய ரெய்னோசோவின் முதல் பந்தைப் பிடித்தவன் அவன்தான். பந்து தரையில் குத்தி ஓரினின் முட்டியில் பட்ட ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டான். ஒரே பகலில் பதினோரு தடவை ஓடி வந்தான். அப்படிப்பட்டவன் தலைக்குக் குறிவைத்தான் என்பதை ஓரினால் நம்ப முடியவில்லை. நம்பாததை நான்கு மணிக்குள் நிரூபிக்கவும் வழி தெரியவில்லை.

"ஒருத்தன் எப்ப இந்த மாதிரி பந்தைப் பார்த்துப் போவான், பிக்ஸ்?"

"புத்தி பிசகினா போவான். இல்ல, பந்து வளையும்னு தெரிஞ்சா போவான்."

தான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது.

"அதேதான்," என்றாள் வெர்னா. "வளைவுப் பந்து காதைப் பார்த்து வரும். கடைசியில விலகிப் போயிடும். தெரியாதவன் பயந்து பின்வாங்குவான். தெரிஞ்சவன் காலை ஊணி நிப்பான். இவன் ஊணி நின்னான். இப்ப கேட்சரோட விரலைப் பாரு."

கேட்சர் தொடைக்கு நடுவில் ஒரு விரலை நீட்டியிருந்தான். ஒன்று என்றால் நேர்ப்பந்து, இரண்டு என்றால் வளைவு. அந்தச் சைகை பிட்சரின் கண்ணுக்கு மட்டும் உரியது.

"அப்ப யாரோ சைகையைத் திருடி இவனுக்குச் சொல்லியிருக்காங்க. அதையும் உருப்படியாச் சொல்லல." ஓரின் தன் கோணல் விரல்களைத் தூக்கிப் பார்த்தான். "நான் கேட்சரா இருந்திருந்தா யாராலயும் திருடியிருக்க முடியாது பாஸ். எங்க பிட்சருக்கே புரியாது."

"திருடறது பெரிய விஷயமில்ல. மைதானம் முழுக்கக் கேமரா. பந்து கையை விட்டுப் போறதுக்குள்ள பேட்டர் காதுல எப்படிப் போடறாங்க?"

காலை முழுவதும் அதைத்தான் தேடினார்கள். ஒருவரும் விசிலடிக்கவில்லை, துண்டை ஆட்டவில்லை. ஹெரன்ஸ் ஆட்டக்காரர்கள் மைதான ஓரத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியதோடு சரி.

வெர்னா படத்தை மறைத்தாள். "இப்ப காதை மட்டும் குடு."

கூட்டத்தின் இரைச்சல், ஆர்கன் வாத்தியம். இரண்டுக்கும் நடுவே தொண்டை கிழிய ஒரு கிழட்டுக் குரல்: "கடலேய்ய்… சூடான கடலேய்!"

"பசியைக் கிளப்பறீங்களே பாஸ்."

"யாருக்குப் பசின்னுதான் நானும் கேக்கறேன்." அவள் ஒரு தாளைத் தள்ளினாள். தாள் முழுக்கப் பென்சில் கோடுகள். "அன்னிக்கு அவர் முப்பத்தெட்டு தடவை கூவியிருக்கார். முப்பத்தெட்டும் ஹெரன்ஸ் ஆடறப்போ. சவானா ஆடறப்போ ஒரு தடவை கூட இல்ல."

"எதிரணி ஆடினா ஜனங்களுக்கு வயிறு நிறைஞ்சிடுமா?"

"முப்பத்தேழு கூவலுக்கு அப்புறம் வந்தது வளைவுப் பந்து. முப்பத்தெட்டாவதுக்கு அப்புறம் வந்தது நேர்ப்பந்து. அதுதான் வெஸ்லி கண்ணுல இறங்கினது."

அவள் திரையில் ஏதோ ஒரு மூலையைப் பெரிதாக்கி, அச்செடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என்னவென்று ஓரின் எட்டிப் பார்ப்பதற்குள் பை மூடிவிட்டது. அவளிடம் அவனுக்குப் பிடிக்காத பழக்கங்களில் இது முதலாவது.

* * *

ஹெரன்ஸ் மைதான அலுவலகத்துக்குள் லீக்கின் அட்டையைக் காட்டி நுழைந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் ஆளுயர எழுத்து: 'எப்படி என்று கேட்காதே. எத்தனை என்று கேள்.' மூன்று வருடத்துக்கு முன் பொது மேலாளராக வந்த பிரெஸ்காட் லைல் எழுதிப் போட்டது. அவர் வந்தபோது அணி கடைசி இடத்தில் கிடந்தது. இப்போது முதல் இடம். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. எப்படி என்று ஊரும் கேட்கவில்லை.

நடைவழியில் ஒவ்வொரு கதவின் பக்கத்திலும் சின்னதாய் ஒரு மின் பலகை எரிந்தது. அதில் ஒரு எண். அந்த ஆளின் வேலையால் இந்த வருடம் அணிக்கு எத்தனை வெற்றி சேர்ந்தது என்ற கணிப்பு அது. மருத்துவருக்கு 0.8. புல் வெட்டுகிறவருக்கு 0.3. கழிப்பறை கழுவுகிற பெண்மணிக்கும் 0.1 போட்டிருந்தார்கள். மாதக் கடைசியில் யார் எண் அடியில் இருக்கிறதோ அவருக்கு அட்டைப்பெட்டியும் வாசலும். நடைவழியில் எதிர்ப்பட்ட யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. இங்கே வேலை பார்ப்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஓரின் நினைத்தான்.

அடித்தளத்தில் கடலை வறுக்கும் அறை. டோலோரெஸ் என்ற தடித்த பெண்மணி உப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்ப்ரோஸ் குட்லோவா? அவர் வந்து பத்து நாளாச்சு. முப்பத்திநாலு வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டு நான் பார்த்ததில்ல."

"அவர் எண் என்னம்மா?" என்று கேட்டாள் வெர்னா, வானிலையை விசாரிப்பதுபோல.

டோலோரெஸின் முகத்தில் பெருமை வந்தது. "ஒண்ணு புள்ளி நாலு! பிட்சிங் கோச்சுக்கே ஒண்ணு புள்ளி ஒண்ணுதான். எங்க அறைக்கே அவரால கௌரவம்."

ஓரின் அப்படியே நின்றுவிட்டான். கடலை விற்கிறவர், பயிற்சியாளரைவிட அதிக வெற்றி தேடித் தந்திருக்கிறார்! திருட்டை ஒளித்துவைத்த கூட்டத்துக்கு, அதை அளக்காமல் இருக்க மட்டும் கை வரவில்லை. அளந்ததைப் பலகையில் போட்டு விளக்கும் ஏற்றியிருக்கிறார்கள்.

"எங்க கிடைப்பார்?"

டோலோரெஸ் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மீன் பிடிக்கிற பாலத்துல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. என் எண் புள்ளி ரெண்டுதான்."

லிஃப்ட் கதவு திறந்தபோது உள்ளே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான். பாதுகாப்புத் தலைவன் கிரவுடர். தோள் அகலத்துக்கு லிஃப்டில் மிச்ச இடம் குறைவு.

"மிஸ்டர் லைல் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்," என்றான். "புயல் வருது. நாலு மணி வரைக்கும் ஓட்டல்லயே இருந்தா உடம்புக்கு நல்லதுன்னும் சொன்னார்."

"என் உடம்பு ஏற்கெனவே கெட்டுப்போச்சு அண்ணே," என்றான் ஓரின். "இனிமே யார் நினைச்சாலும் கெடுக்க முடியாது."

கிரவுடர் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவர்களோடு கார் வரைக்கும் வந்து, ஒரு கறுப்பு வண்டியாக மாறிப் பின்தொடர்ந்தது.

* * *

பாலத்தின் கோடியில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. தூண்டிலைக் கடலில் போட்டிருந்தார். கொக்கியில் இரை இல்லை என்பதை ஓரின் கவனித்தான்.

"மிஸ்டர் குட்லோ, கடலை கிடைக்குமா?" என்றாள் வெர்னா.

அறுபது தாண்டிய கறுத்த மெலிந்த உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. அவர் திரும்பவில்லை. "கடையைச் சாத்திட்டேன் மேடம்."

"யார் உங்களைக் கூவச் சொன்னது?"

அவர் பேச ஆரம்பித்தபோது நிறுத்த முடியாதவர்போலப் பேசினார்.

"போன வருஷம் விக்கிறவங்க எல்லாரையும் கூப்பிட்டாங்க. இனிமே எல்லாம் போன்ல ஆர்டர், நீங்க வேணாம்னாங்க. மறுநாள் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டார் மிஸ்டர் லைல். காபி குடுத்தார். அம்ப்ரோஸ், உன் குரல் மாதிரி குரல் இந்த மைதானத்துல இல்ல, அணிக்கு உதவறியான்னார். காதுல ஒரு பொத்தான் மாதிரி வச்சாங்க. உள்ளே ஒரு அறையில பசங்க கேமரா பார்த்துட்டே இருப்பாங்க. டிக்குனு சத்தம் வந்தா கூவணும். வரலேன்னா வாயை மூடிக்கணும். எங்க ஆளுங்க ஆடறப்போ வியாபாரம் பண்ணவே கூடாது."

"தப்புன்னு தெரியலையா பெரியவரே?" ஓரினின் குரல் அவனை மீறிக் கடுமையாக வந்தது.

"தெரிஞ்சுது தம்பி. ஆனா முப்பத்திநாலு வருஷமா ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியே நின்னவன் நான். ஜெயிச்சா எல்லாரும் கட்டிப்பிடிச்சுப்பாங்க, நான் குப்பைத் தோலைப் பெருக்கிட்டு வீட்டுக்குப் போவேன். இந்த வருஷம்தான் என்னையும் அணியில ஒருத்தன்னாங்க. கடலை அறைக் கதவு பக்கத்துல என் எண் எரிஞ்சுது. என் பொண்டாட்டிய கூட்டிட்டு வந்து காட்டினேன்."

ஓரின் வேறு பக்கம் பார்த்தான். இந்த மனிதர்மேல் கோபப்படத்தான் வந்தான். அது கைக்கு எட்டவில்லை.

வெர்னா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். திரையின் மூலையிலிருந்து பெரிதாக்கிய மங்கலான படம். மைதானத்தின் இடது ஓரம், மூன்றாவது பேஸ் பக்கத்துக் கூட்டம். தலைகளுக்கு மேலே அந்தரத்தில் ஒரு காகிதப் பை.

"முப்பத்தேழு தடவை கூவினீங்க, ஒரு பை கூடப் பறக்கல. முப்பத்தெட்டாவது தடவை மட்டும் பை பறக்குது. அந்த முறை காதுல டிக்குனு சத்தம் வந்துச்சா?"

"வரல," என்றார் குட்லோ. கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காற்றில் பக்கவாட்டில் ஓடியது. "யாரோ கை தூக்கினாங்க. பார்க்காத மாதிரி நின்னேன். மறுபடி தூக்கினாங்க. மூணாவது தடவை எழுந்து நின்னு ஆட்டினாங்க. முப்பத்திநாலு வருஷ வாய் மேடம்! கையைப் பார்த்துச்சு, தானா தொறந்துக்கிச்சு. கூவிட்டேன். பையையும் வீசிட்டேன். பை அவங்க கையில விழுந்தப்போ… அங்க அந்தச் சத்தம் கேட்டுச்சு."

ஆக, அவ்வளவுதான். வெஸ்லி வளைவுப் பந்துக்குக் காத்து நின்றதற்குக் காரணம், யாரோ ஒருவருக்குக் கடலை தின்ன ஆசை வந்தது.

"ரெய்னோசோ தப்பிச்சான்!" ஓரின் துள்ளினான். "பாஸ், இவரைக் கூட்டிட்டுப் போனாப் போதும்!"

"போதாது," என்றாள் வெர்னா. "லைலோட வக்கீல் என்ன சொல்வான்? முப்பத்தெட்டாவது கூவலுக்கு நேர்ப்பந்து வந்துருக்கு, அப்ப இது சைகையே இல்ல, கிழவர் உளர்றார்னு சொல்வான். அந்தப் பை பறந்தது வியாபாரத்துக்காகன்னு வாங்கின ஆள் வந்து சொல்லணும். யார் வாங்கினது மிஸ்டர் குட்லோ?"

குட்லோ தூண்டிலைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நான் பத்து நாளா வாயைத் தொறக்காதது மிஸ்டர் லைலுக்குப் பயந்து இல்ல மேடம். பன்னெண்டாவது வரிசை, ஓரத்து சீட்டு, மஞ்சள் மழைக்கோட்டு. ஆட்டக்காரங்க வீட்டு ஆளுங்க உக்கார்ற இடம் அது. அந்தப் பையனுக்கு அடிபட்டதும் அவங்கதான் முதல்ல தடுப்பு ஏறிக் குதிச்சு ஓடினாங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவனோட அம்மா."

* * *

குட்லோவோடு காருக்குத் திரும்பும்போதே வெர்னாவின் போன் அடித்தது. ஒலிபெருக்கியைத் தட்டினாள். குளிர்ந்த, மரியாதையான குரல்.

"மிஸ் ஹாலக், பாலத்துல காத்து அதிகமா இருக்குமே."

"தாங்கிக்கலாம் மிஸ்டர் லைல்."

"அம்ப்ரோஸ் நல்ல மனுஷன். அவர் சொல்றதைக் குழு நம்பாது. நம்பணும்னா நீங்க ஐரீன் தார்ப்கிட்டப் போகணும். பத்து நாளா மகனோட கட்டில் பக்கத்துலயே உக்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்டப் போய், உங்க கையாலதான் உங்க மகன் கண்ணு போச்சுன்னு சொல்லுங்க. எனக்கு அந்த மாதிரி மனசு வராது. உங்களுக்கு வரும்னா போங்க."

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியும்," என்றாள் வெர்னா மெதுவாக.

"எங்க மைதானத்துல எந்தப் பை யார் கையில விழுதுங்கறது எங்களுக்குத் தெரியும். எங்க வேலையே அதுதான்." போன் ஓய்ந்தது.

முதல் மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது. மணி இரண்டு ஐம்பது. பின்னால் கறுப்பு வண்டி விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. குட்லோவை விட்டு நகர்ந்தால் அவர் நான்கு மணிக்குக் கூடத்தில் இருப்பாரா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

"நான் இவரோட இருக்கேன். ஆஸ்பத்திரிக்கு நீ போ, பிக்ஸ்."

"நானா? நான் வாயைத் தொறந்தா ஜோக்குதான் வரும் பாஸ்."

"இன்னிக்கு வராது," என்றாள் வெர்னா.

* * *

வரவில்லைதான்.

வெஸ்லி தார்ப் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தலையில் பாதியைக் கட்டு மறைத்திருந்தது. பத்து நாளாக அவன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நர்ஸ் வாசலிலேயே சொல்லியிருந்தாள். அறை முழுக்கப் பூங்கொத்து, எல்லாம் லைலின் அலுவலகத்திலிருந்து வந்தவை. ஆணியில் மஞ்சள் மழைக்கோட்டு தொங்கியது. ஐரீன் தார்ப் நெப்ராஸ்கா பண்ணைக்காரி. பெரிய கைகள், வெயில் தின்ற முகம். ஓரினைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"லீக்கிலேர்ந்து வர்றீங்களா தம்பி? முகமே வாடியிருக்கு. சாப்பிட்டீங்களா?" ஜன்னல் விளிம்பிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். "இந்தாங்க, இதாவது சாப்பிடுங்க. நான் பிரிக்கவே இல்ல."

கடலைப் பை. மேலே ஹெரன்ஸ் அணியின் நீல நிற நாரை அச்சு. ஓரின் காலையிலிருந்து பட்டினி. கையை நீட்ட முடியவில்லை.

"எனக்குக் கடலை பிடிக்காது," என்றாள் ஐரீன், தானாகவே. பேச ஆள் கிடைத்த நிம்மதி குரலில் தெரிந்தது. "அன்னிக்கு இவனுக்காகத்தான் வாங்கினேன். போன்ல அடிக்கடி சொல்வான்… அம்மா, மூணாவது பேஸ் பக்கம் ஒரு கடலைக்காரர் இருக்கார், அவர் கூவினா எனக்கு ராசி, பந்து பூசணிக்காய் கணக்காப் பெருசாத் தெரியும்னு. இவங்க அப்பாவும் இப்படித்தான், ஜெயிச்சா தொப்பியைத் துவைக்க விட மாட்டார். மைதானத்துல போட்ட வெள்ளைக் கோட்டைக் காலால மிதிக்க மாட்டார். சரி, இவனுக்கு இது ஒரு ராசின்னு நினைச்சேன். அன்னிக்கு இவன் ஆட வந்தா மட்டும் அந்த மனுஷர் வாயே தொறக்கல. மூணு தடவையும் இவன் அவுட். எனக்குத் தாங்கல. கடலை வாங்கினாலாவது கூவுவாரேன்னு கையைத் தூக்கினேன். அவர் திரும்பல. விடுவேனா? எழுந்து நின்னு ஆட்டினேன்…"

அவள் நிறுத்தினாள். ஓரினின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ரெய்னோசோ வெஸ்லிக்கு அதுவரை நேர்ப்பந்தாகவே வீசியிருந்தான், அதனால்தான் குட்லோ கூவவில்லை. லைலுக்கு எல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது. கடலைக்காக உயர்ந்த கை இல்லை அது.

"அது ராசி இல்ல," என்றாள் ஐரீன். "அப்படித்தானே தம்பி?"

ஓரின் சொன்னான். கேமரா, காதுப் பொத்தான், டிக் சத்தம், கூவல், நான்கு மணி, ரெய்னோசோ. எதையும் விடவில்லை. எதையும் இனிப்பாக்கவும் இல்லை. சொல்லி முடித்தபோது கட்டிலிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"நான் உன்கிட்டப் பொய் சொன்னேம்மா." வெஸ்லி சுவரைப் பார்த்தே பேசினான். "திருடறோம்னு எப்படிச் சொல்வேன்? அதான் ராசின்னு சொன்னேன். எல்லாரும் அந்தக் கூவலைக் கேட்டு ஆடினாங்க, நானும் கேட்டேன். கேக்காதவனை அனுப்பிடறாங்கம்மா."

ஐரீன் மகனின் முதுகில் கை வைத்தாள். வைத்த கையை ஒரு கணம் எடுத்துப் பார்த்தாள், தன்னுடையதுதானா என்பதுபோல. பிறகு மறுபடி வைத்தாள். அவள் அழுதிருந்தால் ஓரினுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ரெய்னோசோ பையனுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. ஊர்ல. தினம் போன்ல அழறாங்க."

"மணி என்ன ஆச்சு?"

"மூணு நாப்பது."

அவள் ஆணியிலிருந்து மழைக்கோட்டை எடுத்தாள். கடலைப் பையை அதன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

* * *

அவர்கள் ஓட்டலை அடைந்தபோது புயல் ஊருக்குள் வந்துவிட்டது. கூடத்தின் ஜன்னல்கள் தடதடத்தன. குட்லோ சாட்சி சொல்லி முடித்து மூலை நாற்காலியில் ஒடுங்கியிருந்தார். ரெய்னோசோ கழுத்துப் பட்டை இறுக்க, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். வெர்னா சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

"முப்பத்தெட்டாவது கூவலுக்கு நேர்ப்பந்து வந்திருக்கு," என்றான் லைலின் வக்கீல். "இதுக்குப் பேர் சைகையா? ஒரு கடலை வியாபாரத்தை வச்சுக் கதை கட்டறாங்க. வாங்கினவங்க யாராவது உண்டா? இருந்தா வரட்டுமே."

"வந்திருக்காங்க," என்றான் ஓரின் வாசலிலிருந்து.

மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஐரீன் தார்ப் நடந்து வந்தாள். கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. பிரெஸ்காட் லைல் மட்டும் எழுந்தார். ஒல்லியான, நரைத்த, கனிவான முகம். பாதி வழியில் அவளை மறித்துத் தாழ்ந்த குரலில் பேசினார். பக்கத்தில் நின்ற ஓரினின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"யோசிங்க மிஸஸ் தார்ப். இதைச் சொன்னா வெஸ்லி அடிச்ச அடி ஒண்ணுகூட நிக்காது. திருடன்னு எழுதுவாங்க. கண்ணு போனதோட போகட்டும், பேரும் போகணுமா?"

"பேரு நான் வச்சது மிஸ்டர் லைல்," என்றாள் ஐரீன். "அதை நான் பார்த்துக்கறேன். வழி விடுங்க."

அவர் வழி விட்டார். விடும்போதும் முகம் மாறவில்லை. கிரவுடரைப் பார்த்து லேசாகத் தலையசைத்ததை ஓரின் கண்டான். இது இன்றோடு முடியப்போவதில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. வெர்னாவும் அதைப் பார்த்தாள். அவள் சிரித்தாள். நான்கு வருடத்தில் மூன்றாவது முறை.

ஐரீன் கடலைப் பையை மேஜைமேல் வைத்தாள்.

"சத்தியப் பிரமாணம் எடுக்கணும்மா," என்றார் குழுத் தலைவர். "வலது கையைத் தூக்குங்க."

கை பாதி உயர்ந்து நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். பிறகு, பத்து நாளுக்கு முன் தூக்கியதுபோலவே, முழுக்க, தலைக்கு மேலே தூக்கினாள்.

மூலையில் அம்ப்ரோஸ் குட்லோவின் உதடுகள் தானாகத் திறந்தன. அவர் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.